நடுங்கும் கைக்கு ஒரு கேமரா

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். பல் டாக்டர்கள் அடுத்தவரை அழவைத்துத்தான் சோடா பார்த்திருக்கிறான். ஒரு பல் டாக்டரே அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தான்.

சோடா என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை, மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடி வைத்த பெயர். பாட்டில் அடி போன்ற அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று அவனுக்குத் தெரியாது. துப்பறிகிற ஆபீசில் உதவியாளுக்கு இப்படி ஒரு கண்ணா என்று கேட்டவர்களுக்கு அவன் ஒரே பதிலைத்தான் சொல்வான்: "எனக்குப் பேச்சு டிபார்ட்மெண்டுங்க. பாக்குறதுக்கு அக்கா இருக்காங்க."

அக்கா என்றது டைப்பிஸ்ட்டை. கோர்ட்டில் பல வருஷம் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டித் தட்டி, எவன் எந்த வார்த்தைக்கு முன்னால் எச்சில் விழுங்குவான் என்பது அவருடைய காதுக்கே தெரிந்துபோயிருந்தது. அந்த வேலையை விட்டு இந்த மாடி அறையில் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் ஊர் அவரை டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிட்டது.

"உட்காருங்க டாக்டர்" என்றார் டைப்பிஸ்ட்.

"என் தம்பி போயிட்டான்மா. பேப்பர்ல பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தார்கள். போட்டோகிராபர். போன வெள்ளிக்கிழமை காலை, பாதி கட்டி நிறுத்திய கட்டடம் ஒன்றின் படிக்கட்டு அடியில் கிடந்தான். முந்தின நாள் சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து ஊரைப் படமெடுக்கப் போய் இறங்கும்போது கால் தவறிவிட்டது என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது.

"அந்த முடிவுல எனக்கு ஒன்னும் சந்தேகம் இல்லை" என்றார் டாக்டர். "அவன் சின்னதுலேருந்தே அண்ணாந்து பாத்துக்கிட்டே நடக்கிறவன். ஆனா அவனோட கேமரா ஒன்னைக் காணோம். தம்பி ஞாபகமா எனக்கு அது ஒன்னு போதும். அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"எப்படி இருக்கும்?"

"சின்னதா, கருப்பா. லென்ஸ் மட்டும் பெருசு, முழிச்சுப் பாக்குற கண்ணு மாதிரி. பச்சை வார் போட்டது."

"தம்பியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும். எங்களுக்குள்ள கொஞ்சம் மனஸ்தாபம்." டாக்டர் கைக்குட்டையை மறுபடியும் எடுத்தார். "அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. நாலு வருஷமா படுத்த படுக்கையா கிடக்கிறார். பேச்சு இல்லை. சின்னவன்னா அவருக்கு உயிரு."

அவர் படியிறங்கிப் போன பிறகு சோடா பெருமூச்சு விட்டான். "தங்கமான மனுஷன் அக்கா. எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினப்போ கூட 'மன்னிச்சுக்கப்பா'ன்னுட்டுத்தான் பிடுங்கினாரு. பெத்தவரைப் பாத்துக்கிட்டா டாக்டர் மாதிரி பாத்துக்கணும்னு ஊரே சொல்லும்."

"சாவுல சந்தேகம் இல்லையாம், கேமராதான் வேணுமாம்" என்றார் டைப்பிஸ்ட். "கிளம்பு. ஸ்டேஷனுக்குப் போயிட்டு வருவோம்."

*

"மூடின கேஸைத் தோண்டுறதுக்குன்னே வருவீங்களா?" என்றார் எஸ்.ஐ. ஆனால் பொருட்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். டைப்பிஸ்ட் கோர்ட்டில் இருந்த காலத்தில் எஸ்.ஐ. தந்த வாக்குமூலங்களின் எழுத்துப்பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்த நன்றி இன்னும் மிச்சமிருந்தது.

பெரிய கேமரா ஒன்று, செங்கல் கனம். பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டு.

"இது ரெண்டும்தான் பாடி பக்கத்துல கிடந்துச்சு. அண்ணன்கிட்ட காட்டினோம். தம்பியோடதுதான்னாரு."

"சின்ன கேமரா ஒன்னு காணோம்னு சொன்னாரா?"

எஸ்.ஐ. புருவத்தைத் தூக்கினார். "இல்லையே. எங்ககிட்ட எதுவுமே காணோம்னு சொல்லலையே."

சோடா எதையோ சொல்ல வாயைத் திறந்தான். டைப்பிஸ்ட் முந்திக்கொண்டார். "சோடா, அந்தக் கேமராவை ஸ்டாண்டுல மாட்டிக் காட்டு."

சோடா ஸ்டாண்டை விரித்தான். ஒரு கால் அவனைவிட உயரமாக நீண்டது, இன்னொரு கால் அவனுடைய முழங்கால் வரைக்கும்தான் வந்தது. ஒருவழியாக மூன்றையும் சமாதானப்படுத்திவிட்டுக் கேமராவை மேலே வைத்தான். அது வழுக்கியது. மறுபடி வைத்தான். மறுபடியும் வழுக்கியது.

"உட்காரமாட்டேங்குது அக்கா. மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி."

டைப்பிஸ்ட் ஸ்டாண்டின் தலையைத் தடவிப் பார்த்தார். சதுரமாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டிய தகடு கேமராவின் அடியில் திருகப்பட்டிருக்க வேண்டும். கேமராவின் அடி மொழுமொழுவென்று இருந்தது.

"தகடு எங்க?"

"விழுந்தப்போ தெறிச்சிருக்கும்" என்றார் எஸ்.ஐ.

"திருகி மாட்டின தகடு தெறிக்குமா? சரி, தேடினீங்களா?"

"கட்டடம் பூராவும் சல்லடை போட்டோம். ஒரு பட்டன் கூட மிச்சம் விடலை." சொல்லி முடிக்கும்போதே எஸ்.ஐ.யின் குரல் இறங்கிவிட்டது.

"கேமராவே மாட்ட முடியாத ஸ்டாண்டை ஒரு போட்டோகிராபர் அத்தனை மாடி தூக்கிட்டு ஏறியிருக்கான்" என்றார் டைப்பிஸ்ட். "இல்லைன்னா கேமராவைப் பத்தி ஒன்னுமே தெரியாத யாரோ, 'போட்டோகிராபர்னா ஸ்டாண்டு இருக்கணும்'னு நெனச்சு அவன் ஸ்டூடியோவுலேருந்து அள்ளிட்டு வந்து வச்சிருக்காங்க. இதுல எதை நம்புறது?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

*

இந்தக் காலத்தில் பிலிம் விற்கிற கடை ஊருக்கு ஒன்று இருந்தாலே அதிகம். இந்த ஊரில் அந்த ஒன்று ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணாடி அலமாரிகளிலிருந்து நூற்றுக்கணக்கான லென்ஸ்கள் முறைத்துப் பார்த்தன. சோடாவுக்கு ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

கடைக்காரருக்கு வாய் நீளம். பேச ஆள் கிடைத்துவிட்டால் கடையை மூட மறந்துவிடுவார் என்று பேர். ஆனால் போட்டோகிராபர் பேச்சை எடுத்ததும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"வியாழக்கிழமை இங்கதாங்க நின்னான். நீங்க நிக்கிற அதே இடம். ஒரு கேமரா இரவல் வேணும்னான். என் கேமராவைத்தான் குடுத்தேன். அது போனா போகட்டும், ஆளே போயிட்டான்."

"அவர்கிட்டயே பெரிய கேமரா இருந்துச்சே?"

"அதான் நானும் கேட்டேன். வேண்டாம்னான். ஏன்னு பாருங்க." கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பெரிய கேமராவை எடுத்துப் பொத்தானை அமுக்கினார். 'டப்' என்று கடையே அதிர்ந்தது. "இதுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கு. ஒவ்வொரு படத்துக்கும் எழும்பி எழும்பி விழும். சத்தம் ஒரு பக்கம். மங்கின வெளிச்சத்துல மெதுவா எடுக்கிறப்போ அந்த அதிர்வுலயே படம் கலங்கிடும், இது இன்னொரு பக்கம். அவனுக்குச் சத்தமும் ஆகாது, கலங்கவும் கூடாது." இன்னொன்றை எடுத்தார். உள்ளங்கை அகலம், கருப்பு. அமுக்கினார். எறும்பு தும்மியது போல ஒரு சத்தம். "இந்த ஜாதியில அந்தக் கண்ணாடியே கிடையாது. இதோட ஜோடியைத்தான் அவனுக்குக் குடுத்தேன்."

"மங்கின வெளிச்சம்னு அவரே சொன்னாரா?"

"ஜன்னலை அடைச்ச ரூமாம். மூலையில ஒரு சின்ன பல்பு, அவ்வளவுதானாம். பிளாஷ் எடுத்துக்கோயேன்னேன். 'வேண்டாம், பயந்துடுவாரு'ன்னான். ஸ்டாண்டு? 'விரிக்க நேரம் இருக்காது, யாராவது வந்துட்டா மடக்கவும் முடியாது'ன்னான். ஆக கையில புடிச்சுத்தான் எடுக்கணும். அப்போ லென்ஸ்தான் காப்பாத்தணும். ஜூம் ஒன்னு காட்டினேன், திருப்பிக் குடுத்துட்டான். அதெல்லாம் வெளிச்சத்தை நக்கும், குடிக்காது. கடைசியில ஒன்னு புள்ளி நாலு லென்ஸ் எடுத்தான். அது அண்டா மாதிரி வாயைத் திறக்கும். ரூம்ல இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் ஒரே மூச்சுல விழுங்கிடும்."

"பெருசா, முழிச்ச கண்ணு மாதிரி இருக்குமா?" என்றான் சோடா.

"அதே! அதுல அம்பது எம்.எம்.மா முப்பத்தஞ்சான்னு மாத்தி மாத்திப் பாத்தான். முப்பத்தஞ்சுதான் சரின்னான். அம்பதுன்னா ஆளைக் கிட்டக் கொண்டுவரும், ஆனா கை நடுங்கினா அந்த நடுக்கத்தையும் சேர்த்துப் பெருசாக்கும். முப்பத்தஞ்சு அகலமானது, கொஞ்சம் மன்னிக்கும். அதோட கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கத்தான் இடமாம், பின்னாடி நகர முடியாதாம்."

'கட்டில்' என்ற சொல்லில் டைப்பிஸ்ட்டின் தலை நிமிர்ந்தது.

"ஆள் அசைவாரான்னு கேட்டேன்" என்று கடைக்காரர் தொடர்ந்தார். "அசையறவங்கன்னா வேகமா எடுக்கணும், அதுக்குத் தக்க பிலிம் போடணும். 'அசையவே மாட்டாரு'ன்னான்."

"அசையவே மாட்டார்னா அது சிலையா இருக்கணும்" என்றான் சோடா. "இல்லைன்னா அரசாங்க ஆபீசர்."

யாரும் சிரிக்கவில்லை.

"அசையாத ஆளுக்கு எதுக்குடா இவ்வளவு ஏற்பாடு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு மெதுவா எடுக்கலாமேன்னேன். உன் கையைப் பத்தி எனக்குத் தெரியாதா, ஓடுற பஸ்ல நின்னுக்கிட்டு எடுத்தாலும் கலங்காதேன்னேன்." கடைக்காரர் நிறுத்தினார். "'அவரு அசையமாட்டாரு, என் கைதான் நடுங்கும்'னான். அப்பவே அவன் கை நடுங்குச்சுங்க. பிலிம் டப்பாவைத் திறக்கத் தெரியலை. நான்தான் போட்டுக் குடுத்தேன். நானூறு வேக பிலிம். அதை ஆயிரத்தறுநூறுன்னு நெனச்சுக்கிட்டு எடுத்துட்டு வா, கழுவுறப்போ மருந்துல கூடக் கொஞ்ச நேரம் ஊற வைக்கிறேன், படம் வந்துடும், ஆனா மணல் தூவின மாதிரி பொரிபொரியா இருக்கும்னேன். 'அழகா வேண்டாம், முடிச்சு தெரிஞ்சா போதும்'னான்."

"என்ன முடிச்சு?"

"அது நானும் கேக்கலைங்க. கதையில முடிச்சுன்னு சொல்வாங்களே, அந்த மாதிரி ஏதோன்னு விட்டுட்டேன்."

"போன்லயே எடுத்திருக்கலாமே?"

"கேக்காம இருப்பேனா? 'நாலு பெரிய மனுஷங்க முன்னாடி வைக்கப்போற படம். போன்ல எடுத்தா கம்ப்யூட்டர்ல செஞ்சதும்பாரு, அவர் சொன்னா ஊர் நம்பும். நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்துல காட்டினா ஒன்னும் சொல்ல முடியாது'ன்னான். யாருன்னு சொல்லலை."

டைப்பிஸ்ட் அலமாரிமேல் இருந்த கருப்புக் கேமராவைக் கையில் எடுத்தார். "இதுக்கு வார் கருப்பு. இதோட ஜோடிக்கும் கருப்பா?"

"கருப்புதான். ஆனா அது அந்துபோச்சுங்க. அவசரத்துக்கு என் பொண்ணோட ஸ்கூல் தண்ணி பாட்டில் வாரைக் கழட்டிக் கட்டிக் குடுத்தேன். வீட்டுல இன்னும் திட்டு ஓயலை."

"அது என்ன நிறம்?"

"பச்சை."

வெளியே யாரோ மாடிப்படியில் தடதடவென்று ஏறிப் போனார்கள்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கட்டினீங்க?"

"நாலு இருக்கும். கட்டின கையோட கழுத்துல மாட்டிச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு, நேரா அங்கதான் போறேன்னு போனான்."

பேச்சு டிபார்ட்மெண்டுக்கு அன்றைக்கு முதல்முறையாக வார்த்தை கிடைக்கவில்லை. "அக்கா" என்றான். "தம்பியைப் பாத்து ரெண்டு மாசமாச்சுன்னாரே. அப்போ பச்சை வாரை அவர்..."

"எங்க பாத்தார்ங்கிறதைத்தான் இப்பப் பாக்கப் போறோம்." டைப்பிஸ்ட் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்னு குடுங்க. சாயங்காலம் திருப்பித் தர்றேன்."

*

பல் டாக்டரின் வீட்டில் டாக்டர் இல்லை. அது கிளினிக் நேரம் என்று தெரிந்துதான் வந்திருந்தார்கள். அழைப்பு மணி அடித்ததும் மாடியில் யாரோ ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து டாக்டரின் மனைவி கதவைத் திறந்தாள். மூச்சு வாங்கியது. வந்திருப்பது கணவன் இல்லை என்று தெரிந்ததும் அவள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது, பிறகு பயம்.

"டாக்டர் ஒரு வேலை குடுத்திருக்காரும்மா. அது விஷயமா பெரியவரைப் பாக்கணும்."

"மாமா தூங்குறாரு."

"படுத்த படுக்கையா இருக்கிறவரை எதுக்கு மாடியில வச்சிருக்கீங்க?"

அவள் படிக்கட்டைப் பார்த்தாள். செங்குத்தான படி. திரும்புகிற இடத்தில் தெருப்பக்கம் ஒரு ஜன்னல். டைப்பிஸ்ட் ஏறத் தொடங்கினார். அவள் தடுக்கவில்லை. சோடா கடைசியாக ஏறினான்.

அறைக்குள் நுழைந்ததும் சோடா கண்ணாடி கழன்றுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவ்வளவு இருட்டு. ஜன்னல்மேல் கம்பளி ஒன்றை ஆணி அடித்து மாட்டியிருந்தது. மூலையில் சின்ன பல்பு ஒன்று மட்டும் எரிந்தது. டைப்பிஸ்ட் மீட்டரை நீட்டினார். அதன் முள் எழுந்திருக்க மனமில்லாதவனைப் போல லேசாக அசைந்து நின்றுவிட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது.

கட்டிலில் கிழவர் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. சோடா குனிந்தான். இன்னும் குனிந்தான். பிறகுதான் தெரிந்தது. இரண்டு மணிக்கட்டையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. பட்டைக்கு அடியில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடியும் உரிந்திருந்தது.

"முடிச்சு" என்றான் சோடா.

"பகல்ல அவிழ்த்து விட்டுடுவேங்க" என்றாள் டாக்டரின் மனைவி கதவருகே நின்றபடி. "அவர் வர்றதுக்குள்ள திரும்பக் கட்டிடுவேன். அதே மாதிரி முடிச்சு போடக் கத்துக்கிட்டேன். பெல் சத்தம் கேட்டதும் அவர்னு நெனச்சு ஓடி வந்து கட்டினேன்."

"படம் எடுக்கச் சொன்னது நீங்கதானா?"

அவள் தலையசைத்தாள். "நான் வாயால சொன்னா யாரு நம்புவா? ஊரே அவரைக் கும்பிடுது."

டைப்பிஸ்ட் மெதுவாக முடிச்சுகளை அவிழ்த்தார். கட்டு போன பிறகும் கிழவரின் கைகள் கம்பியை விட்டு நகரவில்லை. டைப்பிஸ்ட் ஒவ்வொன்றாக எடுத்து அவர் மார்மேல் வைத்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்: "சோடா, ரெண்டு போன் போடு. கிளினிக்குக்கு ஒன்னு. கேமரா கிடைச்சாச்சு, உங்க வீட்டுல இருக்கோம்னு சொல்லு. எஸ்.ஐ.க்கு ஒன்னு."

"கேமரா எங்க அக்கா கிடைச்சுது?"

"நீ போடு."

*

டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டார். யாரோ ஒருவர் கிளினிக்கில் இன்னும் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க வேண்டும். அறைக்குள் நுழைந்தவர் அப்பாவைப் பார்க்கவில்லை, அவிழ்ந்து தொங்கிய பட்டைகளைப் பார்க்கவில்லை.

"எங்க? கேமரா எங்க?"

"அதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லுங்க" என்றார் டைப்பிஸ்ட். "பச்சை வாரை எங்க பாத்தீங்க?"

"என்ன கேள்விம்மா இது? தம்பி எப்பவும் அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தானே திரிவான்."

"அந்தக் கேமரா தம்பியோடது இல்லை டாக்டர். இரவல். பச்சை வாரைக் கடைக்காரர் கட்டினதே வியாழக்கிழமை நாலு மணிக்குத்தான். சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு உங்க தம்பி நேரா இந்த ரூமுக்கு வந்தான். மறுநாள் காலையில பிணமா கிடைச்சான். நடுவுல அதைப் பாத்தவர் யாரோ, அவர்தான் அந்த ஸ்டாண்டையும் தூக்கிட்டுப் போனவர்."

டாக்டர் கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினார். முழுவதும் உருவி முடித்தபோது அவர் முகத்தில் அழுகை இல்லை, பணிவு இல்லை. வேறு ஆள் நின்றார்.

"எட்டு வயசு எனக்கு" என்றார். "கீழ ஹால்ல ஜன்னல் இருக்கு பாருங்க, அந்தக் கம்பியில கட்டிப் போடுவாரு. எதுக்குன்னு கேட்டா காரணமே இருக்காது. என்னைக் கட்டிப் போட்டுட்டு அவனைத் தோள்ல தூக்கிக்கிட்டு கடைத்தெருவுக்குப் போவாரு. திரும்பி வர்றப்போ அவன் கையில பலூன் இருக்கும். கட்டை அவிழ்க்க மறந்துட்டுச் சாப்பிட உட்காருவாரு. இவரு பண்ணப்போ ஒரு பய கேக்கலை. நான் பண்றேன்னு படம் எடுக்க வந்துட்டான், பலூன் வாங்கித் தின்னவன்."

பலூனைத் தின்ன முடியாது என்று சோடாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"அப்புறம்?" என்றார் டைப்பிஸ்ட்.

"தள்ளலை. கேமராவைப் புடிச்சு இழுத்தேன். அவன் விடலை. படியில வழுக்கினான், விழுந்தான், அந்த நிமிஷமே போயிட்டான். அது விபத்து. உசிரு போனவனை எங்க வச்சிருந்தா என்ன?" டாக்டரின் கண் டைப்பிஸ்ட்டின் கையைத் துழாவியது. "நீங்க கையில ஒன்னும் வச்சிருக்கலை, இல்லையா? கேமரா கிடைக்கலை. அது படி ஜன்னல் வழியா தெருவுல விழுந்து எவனோ கொண்டுபோயிட்டான். அதனாலதான் உங்ககிட்டயே வந்தேன். இப்ப நான் சொன்னதுக்கெல்லாம் சாட்சி இந்தச் சுவருதான்."

"தெருவுல விழலைங்க" என்றாள் அவர் மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் மூலைக்குப் போனாள். அங்கே பெரியவர்களுக்கான டயப்பர் பொட்டலங்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடியிலிருந்து ஒன்றை உருவிப் பிரித்தாள். வெள்ளைக்கு நடுவே முதலில் பச்சை வார் வந்தது. பின்னாலேயே கருப்பாக ஒரு சின்ன கேமரா.

"வீடு பூராவும் தேடினீங்க" என்றாள் கணவனிடம். "அரிசி டின்னைக் கொட்டிப் பாத்தீங்க. என் பீரோவைக் கவுத்துப் பாத்தீங்க. இதை நீங்க தொடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நாலு வருஷத்துல ஒரு நாள் கூட இதுல உங்க கை பட்டதில்லை."

டாக்டர் ஒரு அடி எடுத்து வைத்தார். சோடா குறுக்கே போய் நின்றான். அவன் அப்படியொன்றும் பலசாலி இல்லை. ஆனால் அந்தச் சந்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

மறுநாள் மதியம் கடைக்காரர் பின்பக்க இருட்டறையிலிருந்து பிலிம் சுருளை எடுத்து வந்து கிளிப்பில் தொங்கவிட்டார். எஸ்.ஐ.யும் ஒரு கான்ஸ்டபிளும் நின்றதில் கடைக்குள் காற்றுக்கு இடமில்லை. டாக்டரின் மனைவி வாசற்படியிலேயே நின்றாள். அவளை அடையாளம் சொல்ல வரவழைத்திருந்தார்கள்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீளமான வாய் சின்னச் சின்ன வார்த்தைகளாகத்தான் பேசியது.

"முதல் நாலு கலங்கியிருக்கு. அவன் கை நடுங்கியிருக்கு. அஞ்சாவதுலேருந்து சரியா வந்திருக்கு. கை... கம்பி... முடிச்சு. தெளிவா இருக்கு. இது ரெண்டு கையும். இதுல மூஞ்சி." அங்கே வெகுநேரம் நின்றார். "சின்னவனைப் பாத்துச் சிரிக்கிறாருங்க."

"பெரியவர் விஷயத்துக்கு இது போதும்" என்றார் எஸ்.ஐ. "கட்டி வச்சதுக்கு ஒரு கேஸ், பிணத்தை மாத்திப் போட்டதுக்கு ஒரு கேஸ். ஆனா சாவு விஷயத்துல வக்கீல் விபத்துன்னுதான் வாதாடுவாரு. விழுந்த உடனே உசிரு போயிடுச்சுன்னா நாம என்ன செய்யறது? அந்தப் படிக்கட்டுல நடந்தது பிலிம்ல இல்லையே."

டைப்பிஸ்ட் டாக்டரின் மனைவியைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. சோடா கடைக்குள் இருந்த ஒரே ஸ்டூலைத் தூக்கி அவளிடம் கொண்டுபோனான். அவள் உட்காரவில்லை.

"உடனே போகலைங்க" என்றாள்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"இருட்டுற நேரத்துல விழுந்தாரு. நல்லா இருட்டி, தெரு விளக்கெல்லாம் போட்டதுக்கப்புறமும் மூச்சு இருந்துச்சு. பேச்சும் இருந்துச்சு. ஆம்புலன்சைக் கூப்பிடலாங்கன்னேன். இவர் போனை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு படியில உட்கார்ந்துட்டாரு. 'கொஞ்சம் பொறு'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. பொறுன்னாரு. தம்பி தண்ணி கேட்டாரு. எந்திரிச்சேன். இவர் என்னைப் பாத்தாரு. நான் திரும்ப உட்கார்ந்துட்டேன்."

சோடா ஸ்டூலைக் கீழே வைத்தான்.

"இவர் காரை எடுக்கப் போனப்போதான் நான் பக்கத்துல போனேன். அப்பவும் கண்ணு தெரிஞ்சுது அவருக்கு. கேமரா அவர் முதுகுக்கு அடியில கிடந்துச்சு, எடுத்து முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன். 'அண்ணி, கேமரா கடையோடது, திருப்பிக் குடுத்துடுங்க'ன்னாரு. அதுதான் கடைசி."

கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எஸ்.ஐ. நோட்டைத் திறந்தார். "இதைக் கோர்ட்டுல சொல்லணும்மா."

டைப்பிஸ்ட் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "தண்ணி விஷயத்தையும் சேர்த்துச் சொன்னா உங்க மேலயும் கேள்வி வரும். யோசிச்சுச் சொல்லுங்க. அதை விட்டுட்டுச் சொன்னாலும் அவர் மாட்டுவாரு."

அவள் கிளிப்பில் தொங்கிய பிலிமைப் பார்த்தாள். அதன் நுனியிலிருந்து கடைசிச் சொட்டு தரையில் விழுந்தது.

"எழுதிக்கோங்க" என்றாள் எஸ்.ஐ.யிடம். "தண்ணியிலேருந்து எழுதுங்க."